பாண்டிக்குத் தினமும் போய்வர முதல் பைக்: டியூக்கா, கிளாசிக்கா, அப்பா சொல்கிற ஸ்ப்ளெண்டரா?

தம்பி, கேள்வியைப் படித்தேன். மற்றவர்களுக்காக அதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வயது 22. பாண்டி முதலியார்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது, அலைச்சல் எல்லாம் சேர்த்து நாளைக்கு 45 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிவரும். இதுவரை அக்காவின் ஸ்கூட்டியைத் தவிர வேறு எதுவும் ஓட்டியதில்லை. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கையிருப்பு ஒன்றரை லட்சம். நண்பர்கள் கேடிஎம் டியூக் 200 என்கிறார்கள், உங்கள் மனசு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இல் இருக்கிறது, அப்பா "ஸ்ப்ளெண்டர் போதும்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மூன்றில் அப்பா சொன்னதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்காக ஸ்ப்ளெண்டரே வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

இதே ரோட்டில் பதினெட்டு வருஷமாகப் போய்வருகிறவன் நான். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம். பெயரைச் சொல்லும்போதே எங்கே வேகத்தடை, எங்கே தனியார் பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும் என்பதெல்லாம் கண்ணில் ஓடுகிறது. இந்த இருபது கிலோமீட்டரில் மனசுவிட்டு அறுபதைத் தாண்ட இடம் கிடைப்பது மொத்தமாக ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் பைக் வாங்கப் போகிற எல்லோரும் அந்த ஐந்தாறு கிலோமீட்டரை நினைத்துக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போகிறார்கள். நீங்கள் காலை ஒன்பதேகால் மணி மரப்பாலத்தை நினைத்துக்கொண்டு போங்கள். வலது பக்கம் பஸ், இடது பக்கம் ஷேர் ஆட்டோ, முன்னால் ஒரு தண்ணீர் லாரி. ஃபர்ஸ்ட் கியர், ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிப்பது), இரண்டடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி இரண்டடி. அங்கே உங்கள் கைக்கும் காலுக்கும் அடங்குகிற வண்டி எதுவோ அதுதான் உங்கள் முதல் வண்டி. வேகமாகப் போவதற்கு எல்லா வண்டியும் ஒத்துழைக்கும். மெதுவாகப் போகும்போதுதான் வண்டியின் குணம் தெரியும், ஓட்டுகிறவன் யோக்கியதையும் தெரியும்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் வண்டி தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிய 350 சிசி. 23 வயது, வீம்பு. வாங்கிய நாலாம் நாள் நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் திரும்பினேன். நடக்கிற வேகம்தான். தரையில் டீசல் சிந்தி, மேலே மண் தூவியிருந்தார்கள். முன்னால் போன ஸ்கூட்டி சட்டென்று நின்றது. ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பியிருந்தது, வலது கை தன்னால் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது. வண்டி அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது. இடது காலை ஊன்றினேன், செருப்பு மண்ணில் வழுக்கியது. அப்புறம் என்ன, வண்டி கீழே, நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கிளட்ச் லீவர் நுனி உடைந்து, லெக் கார்டு வளைந்தது. பங்க் பையன்கள் இரண்டு பேர் வந்து தூக்கி நிறுத்தினார்கள். நான் தனியாகத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அடிபட்டதைவிட அதுதான் வலித்தது.

காரணம் எளிது. ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் பாரம் நேராக முன் சக்கரத்தில் இறங்கும். திரும்பியிருக்கும்போது பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமே குடைசாயும். வேகம் குறைவாக இருப்பதால் சக்கரச் சுழற்சி அதை நிமிர்த்தாது. 110 கிலோ வண்டி என்றால் ஒரு காலால் தாங்கிப் பிடித்துவிடலாம். 190 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தபின் யாராலும் பிடிக்க முடியாது, விட்டுவிட்டு விலகுவதுதான் புத்திசாலித்தனம். அதனால் நடக்கிற வேகத்தில் பின் பிரேக் மட்டும். இது ஸ்கூட்டியிலிருந்து மாறுகிறவர்களுக்கு வலது கால் வேலை என்பதால் பழக நாலு வாரம் ஆகும்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று வண்டிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 97 சிசி, எட்டுக் குதிரைத்திறன், எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். கிளாசிக் 350 எடை 195 கிலோ, சீட் 805. டியூக் 200 சுமார் 160 கிலோ, சீட் 820க்கு மேல், 25 குதிரைத்திறன். ஐந்தடி நாலு அங்குலத்துக்கு 785, 790 என்றால் இரண்டு பாதமும் கிட்டத்தட்ட முழுசாகத் தரையில் படும். 820இல் நுனிக்கால்தான். நுனிக்காலில் நிற்பதே தப்பு என்று சொல்லவில்லை, அனுபவப்பட்டவர்கள் ஒரு காலை மட்டும் ஊன்றிச் சமாளிப்பார்கள். புதிதாக ஓட்டுகிறவன் அரியாங்குப்பத்தில் ரோட்டோரப் பள்ளத்தில் காலை வைக்கும்போதுதான் அந்த மூன்று சென்டிமீட்டர் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சீட் உயரத்தைப் பேப்பரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து உயரம் இன்னும் கூடியது போல இருக்கும், ஒல்லியாக இருந்தால் குறையும். ஷோரூமில் வண்டியை டபுள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருப்பார்கள், அதில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் பையன்கள். ஸ்டாண்டை எடுக்கச் சொல்லுங்கள். தினமும் போட்டுக்கொள்ளப் போகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். இறங்கி, இஞ்சினை அணைத்து, ஹேண்டிலைப் பிடித்து உருட்டிக்கொண்டே ஒரு வட்டம் திருப்பிப் பாருங்கள். கடைசியாக டபுள் ஸ்டாண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த மூன்றையும் மூச்சு வாங்காமல் செய்ய முடிந்தால் அந்த வண்டி உங்களுடையது. சேல்ஸ்மேன் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

டியூக் 200 விஷயத்தில் உங்கள் நண்பர்களைத் திட்ட மாட்டேன். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அருமையான வண்டி. இரண்டாவது வண்டியாகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முதல் வண்டிக்கு என்ன பிரச்சினை என்றால், ஆக்ஸிலரேட்டரில் நாம் செய்கிற தப்பை அது மன்னிக்காது. ஸ்ப்ளெண்டரில் வேகத்தடையில் கை தவறுதலாக முறுக்கிக்கொண்டால் வண்டி ஒரு முக்கு முக்கும். டியூக்கில் அதே தப்புக்கு முன்னால் போகிற காரின் டிக்கியில் போய் நிற்போம். அப்புறம் வேகக் கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்பதற்கு முன்பே ஒரு பஸ் நீளத்துக்கும் அதிகமாகப் போய்விட்டீர்கள். 80இல் அது 22 மீட்டர். பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் இன்னும் மோசம், வேகம் இரண்டு மடங்கானால் அது நாலு மடங்காகும். வண்டி சீக்கிரம் 80 தொடுவது பெரிய விஷயமே இல்லை. 80இல் போகிறோம் என்று நமக்கே தெரியாமல் தொட்டுவிடுவதுதான் பிரச்சினை.

கிளாசிக் ஆசை எனக்குப் புரிகிறது. நம்ம சென்னைப் பக்கத்திலேயே செய்கிற வண்டி, சத்தமும் அழகும் தனி. ஓடத் தொடங்கிவிட்டால் எடையே தெரியாது, ஈசிஆரில் காலை நேரத்தில் போனால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன ஒன்றரை லட்சத்தில் புதுசு வராது. கடன் வாங்கி எடுத்தாலும், ஹெல்மெட், சர்வீஸ் என்று கையில் எதுவும் மிஞ்சாது. மாதம் 1,100 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். லிட்டருக்கு 60 தருகிற வண்டிக்கு 18 லிட்டர் போதும், 35 தருகிற வண்டிக்கு 31 லிட்டர். பாண்டியில் பெட்ரோல் நம்மூரைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அங்கேயே போட்டுக்கொண்டாலும் மாதம் ஆயிரத்து இருநூறுக்கு மேல் வித்தியாசம் வரும். முதல் சம்பளக்காரருக்கு அது சின்ன காசு இல்லை. மூன்று வருஷம் கழித்து வாங்குங்கள், அப்போது இன்னும் நன்றாக ஓட்டுவீர்கள், வண்டியும் கீறல் இல்லாமல் இருக்கும்.

அப்படியானால் ஸ்ப்ளெண்டர் ஏன் வேண்டாம்? வேண்டாம் என்றில்லை. ஊருக்குள், திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோடு வரைக்கும் போய்வருகிறவர் என்றால் அதையே சொல்லியிருப்பேன். உதிரிபாகம் எந்த முக்கிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார். உங்கள் ரோட்டுக்கு இரண்டு குறை. ஒன்று, கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு கரும்பு டிராக்டரை முந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எதிரே பஸ் தெரிகிறது. எட்டுக் குதிரைத்திறனில் அந்த முந்தல் மனசில் நினைப்பதைவிட நீண்டுகொண்டே போகும். பொறுத்துப் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்கிற நாளில் எத்தனை பேர் பொறுக்கிறோம்? இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிசு. ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் இறுகி லாக் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்கிற ஏற்பாடு, கிடையாது.

ஏபிஎஸ் பற்றி நம் ஊரில் இன்னும் பலருக்குச் சந்தேகம். "எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியும், அது எதற்கு" என்பார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து அதைக் கட்டாயமாக்கினார்கள். 125 வரைக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விட்டார்கள். சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கிற ஏற்பாடு, சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். நாய் குறுக்கே வந்தால் புதியவன் செய்கிற முதல் காரியம் முன் பிரேக்கை முழுசாக இறுக்குவது. முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராக நிற்காது, விழும். ஏபிஎஸ் இருந்தால் லீவர் கைக்கு அடியில் படபடவென்று துடிக்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே வேகம் குறையும். அந்தத் துடிப்பைக் கண்டு பயந்து பிரேக்கை விட்டுவிடாதீர்கள், அது வேலை செய்வதுதான் அப்படி. சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும், டூயல் என்றால் இரண்டுக்கும். முதல் வண்டிக்கு சிங்கிள் சேனலே பெரிய காவல்.

நம்ம ரோட்டில் இது எதற்கு வேண்டும் என்று கேட்டால், ஐப்பசி கார்த்திகை மழை ஒரு பக்கம் இருக்கட்டும். கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் லாரியிலிருந்து விழுந்த கரும்பு ரோட்டில் கிடக்கும், அதன் மேல் டயர் ஏறினால் சோப்பு மாதிரி. அறுவடை நேரத்தில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் எப்போதும் மணல். இதில் எதன் மேலும் பிரேக் பிடிக்காமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் பிடித்துவிடுகிற நாள் ஒன்று வரத்தான் செய்யும்.

சரி, என்ன வாங்கலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் 150, 160 சிசி வகையில் எடை 140 கிலோவுக்குள், சீட் 800க்குள், ஏபிஎஸ் உள்ள வண்டி ஒன்றை எடுப்பேன். யமஹா எஃப்இசட் எஸ் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 149 சிசி, 12.4 குதிரைத்திறன், சுமார் 136 கிலோ, சீட் 790. பிக்கப் என்று பெரிசாக எதுவும் கிடையாது, அதைக் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். புதியவனுக்கு அதுவே நல்லது. பின் டயர் அகலம், நிமிர்ந்து உட்காரலாம், மரப்பாலம் நெரிசலில் கிளட்ச் கையை நோகடிக்காது. ஹோண்டா யூனிகார்ன் இன்னொன்று. பார்க்க மாமா வண்டி மாதிரி இருக்கும், ஓட்டினால் வெண்ணெய். அப்பாச்சி ஆர்டிஆர் 160, ஓசூரில் செய்வது, இரண்டையும்விடக் கொஞ்சம் துறுதுறுப்பு. இந்த மூன்றில் எது உட்கார்ந்தால் பிடிக்கிறதோ அது.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். புது வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்கு முதலிலேயே கட்ட வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். அந்தக் கட்டணம் சிசியைப் பொறுத்தது. 2022இல் அறிவித்த கட்டணத்தில் 150 சிசி வரை 3,851 ரூபாய், அதற்கு மேல் 350 வரை 7,365. 149 சிசி எஃப்இசட் முதல் தட்டில் வரும், 160 வண்டிகள் இரண்டாம் தட்டில் போகும். ஓட்டுகிறபோது தெரியாத பத்துப் பதினோரு சிசி, பில்லில் இரண்டு மடங்காகத் தெரியும்.

125 சிசிதான் வேண்டும், மைலேஜ் முக்கியம் என்றால் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125 ஆர் வண்டியில் ஏபிஎஸ் உள்ள மாடல் வருகிறது. டிவிஎஸ் ரைடரும் ஹோண்டா ஷைனும் நல்ல வண்டிகள்தான், ரைடர் புதியவர்களுக்குச் சட்டென்று கைக்குப் பழகும், சீட் 780. ஆர்15 மாதிரி குனிந்து ஓட்டுகிற வண்டி வேண்டாம். வேகத்துக்காகச் சொல்லவில்லை, மணிக்கட்டுக்காகச் சொல்கிறேன். நெரிசலில் உடம்பு பாரம் முழுக்கக் கையில் இறங்கும், பாண்டி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை கையை உதறுவதாகத்தான் இருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதனால் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் நம்ப வேண்டாம். கடன் எடுத்தால் வட்டி "ஃபிளாட்" (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி) என்று சொல்கிறார்களா, குறைகிற அசலுக்கா என்று கேளுங்கள். ஃபிளாட் 10 சதவீதத்தில் ஒரு லட்சம் மூன்று வருஷத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 3,611 வரும். குறைகிற அசல் கணக்கில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி. என்னிடம் ஒரு ஷோரூமில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எதை ஹேண்டில் பண்ணினீர்கள் என்று கேட்டேன். பதிலே வரவில்லை, அந்த வரி மட்டும் காணாமல் போனது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

செகண்ட் ஹேண்டு வாங்குவது புத்திசாலித்தனம்தான், முதல் வண்டி எப்படியும் இரண்டு தடவை கீழே விழும். ஆனால் நம்ம பக்கத்தில் வாங்கும்போது ஒரு விஷயத்தை விடாமல் பார்க்க வேண்டும்: வெள்ளத்தில் முழுகிய வண்டியா என்று. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சுற்றி வளைத்தது. எத்தனை வண்டிகள் ஹேண்டில்பார் வரை தண்ணீரில் நின்றன என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றைக் கழுவித் துடைத்து பாலிஷ் போட்டு விற்றுவிட்டார்கள். அப்படி ஒன்று என் மச்சான் தலையில் விழுந்தது. பார்க்கப் புதுசு, மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். இரண்டு மாதத்தில் ஒரு நாள் ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. சீட்டைக் கழற்றி வயரிங் கனெக்டரை இழுத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேல் என்று பூத்திருக்கிறது, பேட்டரிப் பெட்டி மூலையில் விரல் தடிமனுக்கு வண்டல்.

அதனால் சீட்டைக் கழற்றாமல் எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பேட்டரிப் பெட்டி மூலை, ஹெட்லைட் உள்பக்கம், மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்த தடம், இவற்றைப் பாருங்கள். ஆயில் பார்க்கிற கண்ணாடியில் பால் கலந்த டீ மாதிரித் தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 3522 என்றால் 2022ஆம் வருஷம் 35ஆவது வாரம் செய்தது. ஒன்பதாயிரம் ஓடிய வண்டியில் செயின் ஓடுகிற பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பல் சுறா மீன் துடுப்பு மாதிரி கூர்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒத்துப்பாருங்கள், கடன் தீர்ந்து ஹெச்பியை (ஆர்சியில் இருக்கும் கடன் குறிப்பு) நீக்கியிருக்கிறார்களா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையெல்லாம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பாண்டி வண்டி விலை குறைவாக இருக்கிறதே, அங்கேயே வாங்கிவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், கடலூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான். பிஒய் நம்பர் வண்டியை நம் முகவரிக்கு மாற்ற அங்கிருந்து தடையில்லாச் சான்று, படிவம் 28 வேண்டும். அப்புறம் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மேலே தமிழ்நாட்டுக்கு வரி கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். இந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு ஆர்டிஓ ஆபீசுக்கு அலைந்த ஆட்டோ செலவில் போய்விடும். பெயர் மாற்றாமல் ஓட்டலாம் என்று விற்கிறவர் சொல்வார், அது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

லைசென்ஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டி ஓட்டிக் காட்டி வாங்கியதென்றால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் இருக்கும். கியர் வண்டிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். மறுபடி எல்எல்ஆர், முப்பது நாள் கழித்து மறுபடி எட்டு. அதைத் தொந்தரவாக நினைக்காமல் அந்த ஒரு மாதத்தை யாருடைய பழைய வண்டியையாவது வாங்கி மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலை ஓட்டிப் பழகுங்கள். எட்டு போடுவதைப் பார்த்து ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள், ஆனால் ஹாஃப் கிளட்சும் பின் பிரேக்கும் சேர்த்துப் பிடித்து நடக்கிற வேகத்தில் வட்டமடிக்கிறவனுக்கு மரப்பாலம் ஒன்றுமே இல்லை. காலி இடத்தில் நாற்பதில் போய் முழு பிரேக் பிடித்து நிற்பதையும் ஒரு இருபது தடவை செய்யுங்கள்.

ஒன்றரை லட்சத்தில் எட்டாயிரத்தை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்று போட்டிருக்க வேண்டும். ரோட்டோரம் முன்னூறு ரூபாய்க்கு விற்பது போலீசுக்குக் காட்ட உதவும், தலைக்கு உதவாது. போட்டதும் இரண்டு கன்னமும் அழுந்த வேண்டும், பட்டையைக் கட்டியபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும். பாண்டியிலும் 2025 ஜனவரியிலிருந்து ஹெல்மெட் கெடுபிடி வந்துவிட்டது, எல்லை தாண்டியதும் கழற்றி டேங்க்கில் வைக்கிற பழைய வழக்கம் இனி செல்லாது. மீதிக் காசில் கையுறை, கணுக்காலை மூடுகிற ஷூ, நல்ல ரெயின்கோட்.

கடல் காற்று நம் வண்டிகளுக்குச் சாபம். செயினை ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து ஆயில் போட வேண்டும், மழைக்காலத்தில் அதற்கும் முன்னாலேயே. வீட்டில் மண் தரையில் நிறுத்தினால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான கல். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாண்டியிலிருந்து திரும்புகிற வேலை இருந்தால் வேகத்தை இன்னும் பத்துக் குறைத்துக்கொள்ளுங்கள், எதிரே வருகிறவர்களில் பலர் எதற்காக அங்கே போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

டெலிவரியைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளாதீர்கள், ஷோரூமில் ஆறு மணிக்குச் சாவி கொடுப்பார்கள், வெளியே வந்தால் ஸ்கூல் பஸ்ஸும் ஆபீஸ் விட்ட கூட்டமும். காலையில் எடுங்கள். எடுக்கும் முன் இரண்டு பிரேக், எல்லா லைட், டயர் காற்று, எந்த மாதம் தயாரித்தது என்பதைப் பாருங்கள். புது டயர் வழவழப்பு போக முதல் நூறு கிலோமீட்டர் வளைவில் நிதானம் வேண்டும். கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதை நீங்கள் செய்யுங்கள். அங்கிருந்து வீடு வரைக்கும் அப்பாவை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டர் வாங்கவில்லை என்கிற கோபம் ஆல்பேட்டை வருவதற்குள் போய்விடும்.